அளவு மீறுவதும் கட்டு மீறுவதும்

(ஜோகுபாளையத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஜோகுபாளையத்துக்கு ஒரு பக்கம் அல்சூர், இன்னொரு பக்கம் இந்திராநகர். அல்சூர்ப் பக்கம் போனால் சோமேசுவரர் கோயில், ஏரிக்கரை, இட்லிக் கடைகள், தமிழ்ச் சங்கம். இந்திராநகர்ப் பக்கம் போனால் நூறடிச் சாலை, பன்னிரண்டாம் மெயின், ஒரே கட்டணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அழைக்கும் உணவகங்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கும் இந்தப் பேட்டையில், ‘சனிக்கிழமை பூரா ஒரே பிஞ்ச்’ என்று ஓர் இளைஞர் சொன்னால், அவர் பிரியாணி தின்றாரா, பீர் குடித்தாரா, பத்து மணி நேரம் தொடர் பார்த்தாரா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘பிஞ்ச்’ என்ற அந்தச் சின்னச் சொல்லை எடுத்துக்கொண்டு, அது வந்த வழியையும் தமிழில் அதற்கு எதிரே நிற்கும் சொற்களையும் பார்ப்பதே இந்தச் சொற்பொழிவின் நோக்கம். பார்க்க வேண்டிய காரணம் மொழியோடு முடிவதில்லை. மிகுதியாகத் தின்பதைப் பற்றித் தமிழில் ஏராளமான சொற்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒருவர் எவ்வளவு தின்றார் என்பதையே சொல்கின்றன. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் தின்கிற ஒருவரின் நிலையைச் சொல்லும் சொல் அன்றாடப் பேச்சில் கையருகே இல்லை. அதனால் அவர் மருத்துவரிடம் போனாலும், போன காரணத்தைச் சொல்லாமலே திரும்பிவிடுகிறார்.

தொண்டையில் பிறந்த சொற்கள்

ஆங்கிலத்தில் இந்த வகைச் சொற்களில் பழையவை சில தொண்டையில் பிறந்தவை. ‘கார்ஜ்’ என்பது பழைய பிரெஞ்சு மொழியில் தொண்டைக்கே பெயர். ‘கிளட்டனி’ என்பது விழுங்குதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதற்கு உறவான ‘கிளட்’ என்ற சொல் இன்று சந்தையில் வாழ்கிறது. கோலார்ச் சந்தையில் தக்காளி வரத்து ஏறி, விலை சரிந்து, விவசாயிகள் கூடை கூடையாகச் சாலையில் கொட்டிவிட்டுப் போகும் நாட்களில் ஆங்கில நாளேடுகளின் தலைப்பில் நிற்பது அந்தச் சொல்தான். ‘பிக் அவுட்’ பன்றியிடமிருந்து வந்தது. நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் சொல்லும் ‘ஹாகிங்’ என்பதும் பன்றியின் பெயரே.

‘சர்ஃபீட்’ என்ற சொல்லின் வேர் வேறு. மிகையாகச் செய்தது என்பது அதன் பழைய பிரெஞ்சுப் பொருள். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி 1135இல் நார்மண்டியில் இறந்தபோது, மருத்துவர் வேண்டாம் என்று தடுத்தும் விலாங்கைப் போன்ற லாம்ப்ரே மீனை அவர் தின்றதே காரணம் என்று ஹண்டிங்டன் ஊர் ஹென்றி என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். அந்தச் சாவைப் பற்றிப் பேசும் ஆங்கிலேயர்கள் இன்றும் ‘சர்ஃபீட்’ என்ற சொல்லையே சேர்த்துச் சொல்வார்கள். மன்னர் உண்மையில் எந்த நோயால் இறந்தார் என்பதைப் பற்றி அறிஞர்களுக்குள் ஐயம் உண்டு. ஆனால் ஒன்பது நூற்றாண்டுகளாக அவருடைய ஆட்சியை விட அவருடைய கடைசிச் சாப்பாடு அதிகம் பேசப்பட்டுவருகிறது.

கிறித்தவ மரபில் இது பாவக் கணக்கில் சேர்ந்தது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் துறவியாக வாழ்ந்த எவாகிரியஸ், மனத்தைக் கெடுக்கும் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்டபோது பெருந்தீனியை முதலில் வைத்தார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை முதலாம் கிரகோரி அந்தப் பட்டியலை ஏழாக்கினார். வேளை வருவதற்கு முன் உண்பது, விலையுயர்ந்ததையே தேடி உண்பது, பக்குவத்தில் நுணுக்கம் பார்த்து உண்பது, மிகுதியாக உண்பது, ஆவேசத்தோடு உண்பது என்று பெருந்தீனிக்கே ஐந்து வடிவங்களை அவர் பிரித்துக் காட்டினார். அளவு அந்த ஐந்தில் ஒன்று மட்டுமே.

தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய நடையில் இந்தப் பாவத்துக்குப் பெயர் போசனப்பிரியம். இன்றைய நடையில் பெருந்தீனி. கல்யாண வீட்டில் ‘அவர் நல்ல போஜனப்பிரியர்’ என்று சொன்னால் அது பாராட்டு. சமையல்காரர் மகிழ்ந்து இன்னொரு கரண்டி போடுவார். அதே சொல் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாவம். ஒரே தெருவில் இரண்டு பொருளும் வழங்கியதைப் பெங்களூரின் தண்டுப் (கண்டோன்மென்ட்) பகுதித் தமிழர்கள் நன்றாக அறிவார்கள்.

ஊறிய தொட்டியிலிருந்து மருத்துவக் கையேட்டுக்கு

‘பிஞ்ச்’ இந்தக் குடும்பத்தில் கடைசியாக வந்த பிள்ளை. அதற்கும் தொண்டைக்கும் தொடர்பில்லை, பாவத்துக்கும் தொடர்பில்லை. இங்கிலாந்தின் நடுநாட்டு வட்டார வழக்கில் மரப்பாத்திரத்தை நீரில் ஊறவைப்பதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். 1854இல் ஆன் எலிசபெத் பேக்கர் என்ற பெண்மணி நார்தாம்ப்டன்ஷையர் வட்டாரச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். மதுக்கடைக்குப் போய் நன்றாகக் குடித்துவிட்டு வருவதையும் மக்கள் இதே சொல்லால் சொல்கிறார்கள் என்று அதில் அவர் பதிவுசெய்தார். சாராயத்திலேயே ஊறிக் கிடக்கிறான் என்று நாம் சொல்வதில்லையா, அதே ஓட்டம்தான்.

குடியிலிருந்து தீனிக்கு அந்தச் சொல் நகர்ந்தது பின்னால். அதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு. உடல் பருத்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித் தின்பவர்கள் என்று நினைத்த காலத்தில், அவர்களுடைய உண்ணும் முறைகளைக் கூர்ந்து கேட்டு 1959இல் ஒரு கட்டுரை எழுதினார். சிலர் நாள் முழுவதும் சாதாரணமாகச் சாப்பிட்டுவிட்டு, திடீரென்று ஒரு வேளையில் ஏராளமாக, வெறிகொண்டவர்களைப் போலத் தின்கிறார்கள். பிறகு தங்களையே வெறுத்துக்கொள்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். 1979இல் லண்டனில் ஜெரால்டு ரசல், அப்படித் தின்றுவிட்டு வாந்தியெடுத்து வெளியேற்றும் நோயாளிகளைப் பற்றி எழுதி, அந்த நோய்க்குப் புலிமியா நெர்வோசா என்று பெயரிட்டார். வெளியேற்றாமல் தின்பதோடு நிற்கும் வகை தனி நோயாக ஏற்கப்பட இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1994 பதிப்பில் அதைப் பின்னிணைப்பில் வைத்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் முழு நோயாகச் சேர்த்தது.

அந்தக் கையேடு கேட்பது இரண்டு. குறிப்பிட்ட நேரத்துக்குள், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள், அதே சூழலில் மற்றவர்கள் உண்பதை விடத் தெளிவாக அதிகம் உண்டாரா என்பது முதலாவது. அப்போது தன்னால் நிறுத்த முடியவில்லை என்று உணர்ந்தாரா என்பது இரண்டாவது. வேகமாகத் தின்பது, வயிறு வலிக்கும்வரை தின்பது, பசியில்லாமல் தின்பது, வெட்கத்தால் தனியாகத் தின்பது, தின்ற பிறகு தன்மீதே அருவருப்புக் கொள்வது ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதம் இப்படி நடந்திருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலுடைய பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனது: தின்ற அளவு பெரிதாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. நான்கு பிஸ்கட் தின்றவரும், அந்த நான்கையும் நிறுத்த முடியாமல் தின்றிருந்தால், மருத்துவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டியவர்தான்.

இங்கேதான் அளவு மீறுவதும் கட்டு மீறுவதும் பிரிகின்றன.

பந்தியில் வெல்பவர்கள்

தமிழ்ப் பேச்சில் அளவு மீறுவதற்கு என்றுமே பஞ்சமில்லை. மூக்குப் பிடிக்கத் தின்பது, வயிறு புடைக்கத் தின்பது, கழுத்துவரை தின்பது, ஒரு பிடி பிடிப்பது, வெளுத்துக் கட்டுவது. ஆளுக்குப் பெயர் சாப்பாட்டு ராமன், தின்னிப் பண்டாரம், சோற்று மூட்டை, பகாசுரன். ஜோகுபாளையத்துப் பிள்ளைகளுக்குக் கன்னடத்தின் ஹொட்டெபாகவும் இந்துஸ்தானியின் பேட்டூவும் சேர்த்தே தெரியும். இவற்றில் பாதி செல்லம், பாதி வசை. எது எது என்பதைக் குரல்தான் தீர்மானிக்கும்.

கதைகளும் அப்படியே. திருவிளையாடற் புராணத்தில் மீனாட்சி கல்யாணத்துக்குச் சமைத்தது மலைபோல் மிஞ்சிவிட, சிவபெருமான் குண்டோதரன் என்ற பூதகணத்தின் வயிற்றில் வடவைத் தீயை வைத்து அனுப்புகிறார். அவன் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டு இன்னும் பசி என்கிறான். பிறகு தாகம் என்கிறான். அன்னக் குழியும் வைகையும் வந்துதான் அவன் அடங்குகிறான். 1957இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாகக் கல்யாண விருந்தைத் தனியாளாகக் காலிசெய்யும் காட்சிக்குத் தாத்தாவும் பேரனும் ஒன்றாகச் சிரித்தார்கள். 2009இல் வந்த ‘வெண்ணிலா கபடிக் குழு’வில் ஐம்பது பரோட்டாப் பந்தயம் கட்டி, கணக்கில் தகராறு என்றதும் போட்ட கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தின்கிறேன் என்று உட்கார்ந்த நடிகர் சூரிக்குப் பரோட்டா என்பது பெயருக்கு முன்னொட்டாகவே ஒட்டிக்கொண்டது.

சங்க இலக்கியத்திலும் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், வறுமையோடு போன பொருநன் கரிகாலன் அரண்மனையில் இரவு பகலாக இறைச்சி தின்று, உழுது தேய்ந்த கொழுவைப்போலப் பல் மழுங்கி, மூச்சுவிட இடமில்லாமல், கடைசியில் சாப்பாட்டின்மீதே வெறுப்பு வந்து விடைகேட்கிறான். ஆங்கிலத்தின் ‘சர்ஃபீட்’ சொல்லும் நிலை இதுவே. தமிழ்ச் சமையலறை இதைத் திகட்டல் என்கிறது. திகட்டியவர் இலையை மூடிவிடுவார். உடம்பு போதும் என்றது, கை நின்றது. கட்டு மீறவில்லை.

குண்டோதரனும் கடோத்கஜனும் பரோட்டா தின்றவரும் பொருநனும் ஒரு விஷயத்தில் ஒன்றானவர்கள். அவர்கள் எல்லாரும் கூட்டத்தின் நடுவே தின்கிறார்கள். பரிமாறுபவர் இருக்கிறார், பார்ப்பவர் இருக்கிறார், சிரிப்பவர் இருக்கிறார். இன்றைக்கு யூடியூபில் பெரிய தட்டை வைத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் தின்பவரும் அந்த வரிசையில் வருபவரே. கொரியாவில் தொடங்கிய அந்த வழக்கத்தின் பெயரான ‘முக்பாங்’ 2021இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் சேர்ந்தது. இவர்களிடமிருந்து எடுத்த சொற்களைக் கொண்டு, இரவு பதினொரு மணிக்கு விளக்கைப் போடாமல் குளிர்பெட்டியைத் திறக்கிறவரைப் பேச முடியாது. அவருக்குப் பந்தியும் இல்லை, கைதட்டலும் இல்லை.

வள்ளுவர் வைத்த இடம்

அல்சூர் ஏரிக்கருகே திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த சிலை அது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அந்த இரண்டு விழாக்களும் இரு மொழிக்காரர்களுக்கும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இந்தப் பகுதியில் இருந்தவர்கள் அறிவார்கள். அந்த வள்ளுவர் மிகுதியாக உண்பதை எங்கே வைத்துப் பேசினார் என்பது கவனிக்கத் தக்கது.

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 94 சூது. 95 மருந்து. குடியையும் சூதாட்டத்தையும் கண்டித்துவிட்டு அடுத்தபடியாக அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் ‘பெருந்தீனி உண்ணாமை’ என்று அதற்கு ஓர் அதிகாரம் எழுதவில்லை. மருந்து என்ற தலைப்பின் கீழேயே வைத்தார். முன்னே உண்டது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்த பின் உண், உடம்புக்கு ஒவ்வாததை விடு, வயிற்றுத் தீயின் அளவு அறியாமல் மிகுதியாக உண்டால் நோய்களும் அளவில்லாமல் வரும் என்பது அங்கே அவர் சொல்வதன் சாரம். பாவம் என்ற பேச்சே அங்கு இல்லை. வயிற்றில் ஒரு தீ இருக்கிறது, அதற்கு ஓர் அளவு இருக்கிறது என்ற உடலறிவு மட்டுமே இருக்கிறது.

ஆத்திசூடியில் ஔவையார் மீதூண் என்று ஒரு சொல்லை ஆண்டு, அதை விரும்பாதே என்கிறார். மேலே மேலே ஏற்றும் ஊண். அழகான, செறிவான சொல். திண்ணைப் பள்ளி காலத்திலிருந்து பிள்ளைகள் மனப்பாடம் செய்துவந்த சொல். அதுவும் அளவைப் பற்றியதே.

கொன்றைவேந்தனில் வரும் இன்னோர் அறிவுரை வேறு வேலையைச் செய்தது. பெண்களுக்குச் சாப்பாடு குறைவதே அழகு என்று அது சொல்கிறது. அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ தட்டுகளில் இரண்டாவது கரண்டி விழாமல் போயிருக்கிறது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சியதை உண்பது, பசி என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுவது, பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் அடுக்களையில் நின்றபடியே அவசரமாகத் தின்பது: இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி பட்டினி. பேராசை அதில் எங்கும் இல்லை.

யானைத்தீ

பட்டினிக்கும் மிகுதியாகத் தின்பதற்கும் உள்ள உறவை அறிவியல் ஒரு முறை நேருக்கு நேர் பார்த்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 முதல் 1945 வரை, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஓர் ஆய்வை நடத்தினார். போருக்குப் போக மனச்சாட்சி இடம்தராத 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து, 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கை இழந்தார்கள். பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோது, வயிறு முட்டியும் பசி அடங்கவில்லை என்று பலர் சொன்னார்கள். சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு மாதக்கணக்கில் போகவில்லை. அவர்கள் நல்ல உடல்நலமும் மனநலமும் உண்டு என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பட்டினிக்கு முன்னால் அவர்களில் யாரையும் யாரும் தின்னி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

தமிழ் இதை முன்பே ஒரு கதையாகச் சொல்லிவைத்திருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் காயசண்டிகை வடக்கே காஞ்சனபுரத்து விஞ்சையர் (வித்தியாதரர்) குலப் பெண். கணவன் காஞ்சனனோடு பொதியமலைக்கு வந்தவள், ஆற்றங்கரையில் தேக்கிலையில் வைத்திருந்த ஒரு நாவல்பழத்தைக் காலால் சிதைத்துவிடுகிறாள். அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பழுக்கும் கனி. அந்த ஒரு கனியை உண்டு பன்னிரண்டு ஆண்டு நோன்பிருப்பவர் விருச்சிகன் என்ற முனிவர். தன் பசிக்கு விடை சிதைந்துபோனதால், அடுத்த கனி பழுக்கும்வரை நீயும் தீராப் பசியோடு திரி என்று அவர் சபிக்கிறார். புகார் நகரத்தில் எவ்வளவு உண்டும் அடங்காத பசியோடு அவள் அலைகிறாள். அந்த நோய்க்குக் காப்பியம் தரும் பெயர் யானைத்தீ.

என்ன ஒரு சொல்! கிரேக்கர்கள் இதே நிலையைப் பார்த்து மாட்டுப் பசி என்று பெயர் வைத்தார்கள். ரசல் 1979இல் எடுத்தாண்ட புலிமியா அந்தக் கிரேக்கச் சொல்தான். அவர்கள் மாட்டைப் பார்த்த இடத்தில் தமிழ் யானையைப் பார்த்தது. வள்ளுவர் வயிற்றில் கண்ட தீயையும் அதோடு சேர்த்தது.

காயசண்டிகையை யாரும் தின்னி என்று வைவதில்லை. ஆதிரை இட்ட முதல் பிச்சையைப் பெற்ற அமுதசுரபியிலிருந்து மணிமேகலை ஒரு கவளம் இட, பன்னிரண்டு ஆண்டுப் பசி அடங்குகிறது. பெருந்தீனியைச் சாடும் நீதிநூல்களைப் படித்து வளர்ந்த ஒரு சமூகத்தின் காப்பியத்தில், அளவில்லாமல் தின்னும் ஒரு பெண் நோயாளியாக, இரக்கத்துக்கு உரியவளாக, குணப்படுத்தத் தக்கவளாக நிற்கிறாள். இந்த நிலைப்பாட்டைத் தமிழ் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். காயசண்டிகைக்கு இருந்தது அணையாத பசி. அதற்கு மிக அருகில் வரும் இன்றைய நோய் பிரேடர்-வில்லி நோய்க்கூறு. 1956இல் சுவிட்சர்லாந்தின் மருத்துவர்கள் விவரித்த இந்தப் பிறவிக் கோளாறு, 15ஆம் குரோமோசோமில் ஏற்படும் குறையால் வருகிறது. இந்தக் குழந்தைகளுக்கு எவ்வளவு தின்றாலும் போதும் என்ற செய்தி மூளைக்குள் பதிவதில்லை; சமையலறையைப் பூட்டி வைக்க வேண்டிய நிலையில் பெற்றோர் இருப்பார்கள். ‘பிஞ்ச்’ நோயாளி பெரும்பாலும் பசியில்லாதபோதே தின்கிறார். அவருக்கு எரிவது வேறு ஏதோ: மனச்சோர்வு, தனிமை, அவமானம், நாள் முழுக்கக் கடைப்பிடித்த கடும் உணவுக் கட்டுப்பாடு. இரண்டும் வெவ்வேறு நோய்கள். இரண்டையும் ஒழுக்கக்கேடு என்று ஒதுக்குவது மட்டும் ஒரே தவறு.

பூட்டிய அறை

அமெரிக்காவில் 2007இல் வெளியான பெரிய ஆய்வொன்று, பெண்களில் 3.5 சதவீதம் பேரும் ஆண்களில் 2 சதவீதம் பேரும் வாழ்நாளில் எப்போதாவது ‘பிஞ்ச்’ நோய்க்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று கண்டது. உண்ணுதல் சார்ந்த நோய்களில் அங்கே அதிகம் காணப்படுவது இதுவே. ஆண்களும் கணிசமாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். இது இளம்பெண்களின் நோய் என்ற பொது நம்பிக்கையை அந்த எண்கள் ஏற்கவில்லை.

உடல் பருமனைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியப் பெண்களில் 24 சதவீதமும் ஆண்களில் 22.9 சதவீதமும் அதிக எடையுள்ளவர்கள். அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். குறைவும் மிகுதியும் ஒரே நாட்டில், பல நேரம் ஒரே தெருவில், சில நேரம் ஒரே வீட்டில் இருக்கின்றன. அதிக எடையுள்ள பெரும்பாலோருக்குக் கட்டு மீறிய உண்ணல் இல்லை. அது உள்ளவர்கள் சிலர் பார்வைக்கு ஒல்லியாகவே இருப்பார்கள்.

பெங்களூரு இந்த நோய்க்கு வசதியான நகரமாகிவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவரும் ஸ்விகி 2014இல் இந்த நகரத்தில்தான் தொடங்கியது. முன்பு இரவில் ஒருவர் தனியாக மிகுதியாகத் தின்ன வேண்டுமானால் கடைக்குப் போக வேண்டும், கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும், நான்கு பேர் தெருவில் பார்ப்பார்கள். அந்தக் கூச்சமே ஓரளவு தடை. இன்று கைப்பேசியில் இரண்டு தட்டு, கதவைத் திறந்து பையை வாங்கினால் முடிந்தது. செயலி நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே நோயுள்ளவருக்கும் உணவுக்கும் நடுவே இருந்த தெருவை அது அகற்றிவிட்டது. வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தனியாக இருக்கும் இளைஞர்களுக்கு இந்த மாற்றம் பெரிது.

தொடர் பார்ப்பதற்கும் இதே சொல்லைக் கொடுத்ததில் ஓர் இடர் இருக்கிறது. ‘பிஞ்ச்-வாட்ச்’ என்ற சொல்லை 2015இல் காலின்ஸ் அகராதி ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. ஊறிய தொட்டி, குடி, தீனி, திரை என்று நான்கு நிறுத்தம் கடந்து அது விளையாட்டுச் சொல்லாகிவிட்டது. அதனால் ‘எனக்கு பிஞ்ச் பிரச்சினை இருக்கு’ என்று ஒருவர் நண்பரிடம் துணிந்து சொன்னாலும், ‘எனக்கும்தான் மச்சி’ என்ற பதில் வந்து பேச்சு அங்கேயே அறுந்துவிடுகிறது.

எந்தச் சொல்லால் கேட்பது

ஆகவே தமிழில் இதற்கு ஒரு நேர்மையான பெயர் வேண்டும். மருத்துவக் குறிப்பேடுகளில் மிகையுண்ணல், அதீத உண்ணல், பெருந்தீனிக் கோளாறு என்றெல்லாம் எழுதிப் பார்க்கிறார்கள். மூன்றும் அளவையே பிடித்துக்கொள்கின்றன. பெருந்தீனியில் பழைய பாவத்தின் நெடியும் இருக்கிறது. கட்டுமீறிய உண்ணல் என்பது நோயின் நடுவிடத்தைத் தொடுகிறது. யானைத்தீயைப் பிரேடர்-வில்லி போன்ற அணையாப் பசிக்கு வைத்துக்கொள்ளலாம். மீதூண் அன்றாட அளவு மீறலுக்கு ஏற்கெனவே இருக்கிறது. மூன்று நிலைக்கு மூன்று சொல். மூன்றும் நம் பழைய நூல்களிலிருந்தும் பேச்சிலிருந்தும் வருபவை.

சொல்லைப் பிரித்துக்கொள்வது சிகிச்சைக்கும் உதவும், ஏனென்றால் அறிவுரை தலைகீழாக மாறுகிறது. ஒருவேளை உண்பவன் யோகி, இருவேளை போகி, மூவேளை ரோகி என்ற பழமொழி தமிழிலும் கன்னடத்திலும் வழங்குகிறது. அளவு மீறுகிறவருக்கு அது ஒரு வகையில் பொருந்தலாம். கட்டு மீறுகிறவருக்கு அதைச் சொன்னால் நோய் முற்றும். ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சைமுறையின் முதல் படி வேளை தவறாமல் உண்பது: மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு மூன்று சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். என்ன உண்டோம், அப்போது மனம் எப்படி இருந்தது என்று அவ்வப்போதே எழுதிவைப்பதும் அதனோடு சேர்ந்தது. பட்டினி போட்டுச் சரிசெய்கிறேன் என்று கிளம்புகிறவர் மறுநாள் இரவு மீண்டும் அதே குளிர்பெட்டி முன்னால் நிற்பதை மினசோட்டாவின் இளைஞர்கள் முன்கூட்டியே காட்டிவிட்டார்கள்.

குடும்ப மருத்துவரின் மேசைக்கு இந்த நோயாளி வேறு முகத்தோடு வருவார். சர்க்கரை, நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம், எடை. எவ்வளவு சாப்பிடுறீங்க என்று கேட்டால் உண்மை வராது. அந்தக் கேள்வியிலேயே ஒரு தீர்ப்பு ஒட்டியிருக்கிறது. சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியாம போற மாதிரி எப்பவாவது ஆகுதா, அப்போ தனியா இருப்பீங்களா, முடிஞ்ச பிறகு மனசு எப்படி இருக்கும் என்று கேட்டால் பலர் அழுதுகொண்டே சொல்லத் தொடங்குவார்கள். சொல்லும்போது மாவுச்சத்து, கலோரி என்று அவர்கள் பேசமாட்டார்கள். வெட்கத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர். இந்த நோயில் நான்காமவர் வீட்டார். சாப்பாட்டு மேசையில் எடையைப் பற்றிப் பேசாமல் இருப்பது, தட்டை எண்ணாமல் இருப்பது, சாப்பாட்டு ராமன் என்று அழைப்பதை நிறுத்துவது, சேர்ந்து உட்கார்ந்து உண்பது. இவ்வளவையும் பணம் செலவில்லாமல் இன்று இரவே தொடங்கலாம்.

மருத்துவர் வெகுதூரத்தில் இல்லை. ஓசூர் சாலையில் நிமான்ஸ் இருக்கிறது. பழைய மனநல மருத்துவமனையையும் பயிற்சி நிறுவனத்தையும் இணைத்து 1974இல் உருவான நிறுவனம் அது. நேரில் போகக் கூசுகிறவர்களுக்காக, அதே நிறுவனத்தின் வழிகாட்டுதலோடு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம். நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘ஆரம்பிச்சா நிறுத்த முடியல’ என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் அடுத்த கேள்வியைக் கேட்பார்.